கண் நின்ற இடம்

"மேடம், நீங்க படத்தைப் பார்க்கறதே இல்ல. என் மூஞ்சியைத்தான் பார்க்கறீங்க."

இருதயராஜ் இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பட்டென்று போட்டு உடைத்தார்.

டாக்டர் மெகருன்னிசா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"ஆமா," என்றார்.

"ஆமான்னா? நான் எக்ஸ்ரே படிக்கக் கத்துக்க வந்திருக்கேன். நீங்க விளக்குப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. சரின்னும் சொல்றதில்ல, தப்புன்னும் சொல்றதில்ல. கத்தரிக்கா விக்கிறவன்கூடக் காயைப் பார்த்துத்தான் விலை சொல்றான்."

"நல்ல வியாபாரி காயைப் பார்க்க மாட்டான், சார்."

"பின்னே?"

"வாங்க வந்தவன் கண்ணு எந்தக் காய் மேல நிக்குதுன்னு பார்ப்பான். அப்புறம்தான் விலை சொல்வான்."

இருதயராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்டது சோறு, கிடைத்தது விடுகதை.

*

மலையடிவாரத்து ஊர் அது. மலைப்பாதையில் உருண்ட வண்டிகளெல்லாம் முதலில் வந்து சேரும் ஆஸ்பத்திரி.

படம் படிக்கிற அறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவரில் நீளமான விளக்குப் பெட்டி. படத்தை அதில் மாட்டி விளக்கைப் போட்டால் எலும்பும் நுரையீரலும் எழுந்து வரும்.

படம் படிக்க அங்கே இரண்டே பேர். சொல்லிக்கொடுப்பவர் மெகருன்னிசா. கற்றுக்கொள்பவர் இருதயராஜ்.

கற்றுக்கொள்பவருக்குத்தான் வயது அதிகம். கடைவீதியில் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து எழுதித் தலை நரைத்தபிறகு படிக்க வந்தவர். நோயாளி படியேறும்போதே இன்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

அந்தப் பேரை இந்த இருட்டறையில் சீந்துவார் இல்லை. அதுவும் தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் கைகட்டி நிற்க வேண்டும். முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

மெகருன்னிசாவின் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தோடு வரும் சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆளுக்கு என்ன ஆயிற்று, எதைத் தேட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

முதலில் படம். பிறகுதான் சீட்டு.

"என்ன தேடணும்னு தெரிஞ்சா சீக்கிரம் கிடைக்குமே, மேடம்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டார் இருதயராஜ்.

"கிடைச்சிடும்," என்றார் மெகருன்னிசா. "அதனாலதான் கவிழ்த்து வைக்கச் சொல்றேன்."

அன்றைக்கும் சுர்ரென்றுதான் ஏறியது.

*

சுவரில் இருந்த போன் அலறியது.

"யோவ் இருதயம்! பொன்னுரங்கம் பேசறேன்."

அறுவை சிகிச்சை டாக்டர். இருதயராஜின் வயதுக்காரர். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"சொல்லுய்யா."

"காலையில பலாப்பழ வண்டி கவிழ்ந்து ஒருத்தன் வந்தானே, ஒச்சப்பன். அவன் வலது கைக் கட்டைப் பிரிச்சேன். புஜத்துல ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. பீய்ச்சி அடிச்சுது. இப்ப விரலை வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கறேன். நர்ஸம்மாதான் போனை என் காதுல பிடிச்சிருக்காங்க."

"கை?"

"சில்லிட்டுப்போச்சு. விரல் நகமெல்லாம் நீலம். ஒடனே மயக்கம் கொடுத்துத் தச்சாகணும். இல்லேன்னா கையை வெட்டித்தான் எடுக்கணும்."

"கொடுக்க வேண்டியதுதானே?"

"கழுத்து வலிக்குதுங்கறான்யா! மயக்கத்துக்கு வாயில குழாய் விடணும், அதுக்குத் தலையை நிமிர்த்தணும். கழுத்தெலும்பு முறிஞ்சிருந்தா அந்த நிமிஷமே கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. கழுத்துப் படம் அனுப்பியிருக்கேன். முறிஞ்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா?"

"நம்ம சி.டி. மெஷின் படுத்துக் கிடக்கு. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கை செத்துடும். அவன் டிரைவருய்யா."

"நெஞ்சு?"

"நெஞ்சுப் படத்தைக் காலையில நீதானே பார்த்தே? சுத்தம்னு சொன்னே?"

"ஆமா. சுத்தம்."

"அப்ப கழுத்தைச் சொல்லு. போனை வைக்காதே. தொங்க விடு. நான் இங்கேயே நிக்கறேன்."

*

படத்தைக் கொண்டுவந்தது ஒச்சப்பனின் மனைவி பேச்சி. அந்த ஆஸ்பத்திரியில் கூட வந்தவர்கள்தான் உறையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சேலை முந்தி ரத்தத்தில் காய்ந்து அட்டையாக நின்றது. சேலையெல்லாம் பலாச்சுளை வாசம்.

"அய்யா, அவரு கை."

"பார்க்கறோம்மா."

"வண்டி ஓட்டுற கைய்யா. கை போச்சுன்னா அவரு வீட்டுல உக்காந்து எங்களைத் தின்னே தீர்த்துருவாரு. கையை எப்படியாச்சும்…"

"கழுத்து சரியா இருந்தா கை சரியாயிடும். வெளிய நில்லும்மா."

"கழுத்துக்கு என்னய்யா? கைதான போச்சு?"

இருதயராஜ் கதவை ஒருக்களித்தார். அவள் போகவில்லை. இடுக்கில் அவள் கால்விரல்கள் தெரிந்தன.

சீட்டைக் கவிழ்த்து வைத்தார். வைத்தபோதே சிரிப்பு வந்தது. கவிழ்க்க என்ன இருக்கிறது? போன்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதே.

மூன்று படங்களையும் வரிசையாக மாட்டினார். பக்கவாட்டில் எடுத்தது ஒன்று. நேராக எடுத்தது நடுவில். வாயைத் திறக்கச் சொல்லி எடுத்தது கடைசியில்.

விளக்கைப் போட்டார்.

மெகருன்னிசா நாற்காலியை இழுத்துக்கொண்டு போன் தொங்கிய மூலைக்குப் போனார். வழக்கத்தைவிடத் தள்ளி. விளக்குக்கு முதுகைக் காட்டி, இருதயராஜைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குமா?" என்றார் இருதயராஜ்.

"படத்தைப் பாருங்க, சார்."

*

பார்த்தார்.

பக்கவாட்டுப் படம். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக நின்றன.

நேராக எடுத்த படம். எலும்புகள் சரி. அங்கே கொஞ்சம் நேரம் போயிற்று. எதனால் என்று அவருக்கே தெரியாது.

தொங்கிக்கொண்டிருந்த போனிலிருந்து பொன்னுரங்கத்தின் குரல் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. "என்னய்யா ஆச்சு? என்னய்யா?"

மூன்றாவது படத்துக்குத் தாவினார். திறந்த வாய். மேலே பல்வரிசையின் நிழல். அந்த நிழலுக்குள் தலையை நீட்டியபடி, கழுத்தின் இரண்டாவது எலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் முளை. அந்த முளையைப் பிடித்துக்கொண்டுதான் தலை திரும்புகிறது.

முளையின் அடியில் ஒரு கோடு.

கறுப்பாக. மெல்லியதாக. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

"முறிஞ்சிருக்கு," என்றார். "மேடம், முறிஞ்சிருக்கு!"

கதவிடுக்கில் கால்விரல்கள் நகர்ந்தன.

இருதயராஜ் போனை எட்டிப் பிடித்தார். மெகருன்னிசாவின் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. போனின் வாயைப் பொத்தியிருந்தது.

"எங்க?"

"முளையோட அடியில. கறுப்புக் கோடு. ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும். விடுங்க மேடம், சொல்லணும்."

"சொன்னா?"

"மயக்கம் கொடுக்க மாட்டாங்க. பலகையில கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"கை?"



"போகும். கழுத்தா கையான்னா கழுத்துதானே? கை போனா ஆள் இருப்பான்."

"கோடு நல்லாத் தெரியுதா?"

"நல்லாவா? நீங்களே வந்து பாருங்களேன்! ஒரு தடவை! இத்தனை நாள்ல ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க! உள்ள ஒருத்தன் கை செத்துக்கிட்டிருக்கு. இப்பவும் என் மூஞ்சியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக்கிட்டிருந்தா என்ன அர்த்தம்?"

மெகருன்னிசா எழுந்தார். திரும்பி விளக்குப் பெட்டியைப் பார்த்தார்.

உடனே முகத்தைச் சுளித்துக் கண்ணைப் பொத்திக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது.

கையை எடுத்தபோது இருதயராஜ் அதைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பாவை விரிந்து கிடந்தது. கறுப்பைச் சுற்றி நூல் அளவுகூட வேறு நிறம் இல்லை.

"சாப்பாட்டுக்கு முன்னாடி மாடியில கண்ணு டாக்டர்கிட்டப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான். இந்த விளக்கு எனக்குச் சூரியன். கிட்டப் போனா எல்லாம் கலங்குது. படத்துல ஒரு கோடுகூட எனக்குத் தெரியாது, சார்."

"அப்ப…"

"இன்னிக்கு நீங்கதான்."

*

இருதயராஜுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் குளிர் ஏறியது.

இத்தனை நாளும் அந்த நாற்காலியை வைதுகொண்டிருந்தார். அதில் ஒரு ஆள் இருக்கிறது, தப்பாகப் போனால் எழுந்து வந்து பிடித்துக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் வைதார்.

"தூரத்துல இருக்கறது தெரியுது," என்றார் மெகருன்னிசா. நாற்காலிக்குத் திரும்பினார். "உங்க மூஞ்சி தெரியுது. சீட்டை எடுங்க."

"எதுக்கு?"

"மடிங்க. அந்தக் கோட்டுக்கு மேல என்ன இருக்கு?"

"பல்லோட நிழல்."

"அதை மறைங்க. கோட்டை விட்டுடுங்க. நிழலை மட்டும்."

மடித்த சீட்டைப் பல்வரிசையின் மேல் வைத்தார். சீட்டின் ஓரம் கோட்டுக்கு மேலே சரியாக வந்து நின்றது.

கோடு இல்லை.

எடுத்தார். கோடு இருந்தது.

வைத்தார். இல்லை. முளையின் அடி வழவழவென்று, ஒரே சாம்பல் நிறமாக, கீழ் எலும்போடு சேர்ந்து நின்றது.

எடுத்தார். கறுப்பாக, மெல்லியதாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

"மேடம்."

"ம்."

"சீட்டு வச்சா போயிடுது."

"முறிஞ்ச எலும்பு சீட்டு வச்சா சேருமா?"

"சேராது."

"அப்ப?"

"கோடு படத்துல இல்ல." அவருக்குத் தன் குரலே யாருடையதோ மாதிரி கேட்டது. "வெள்ளை நிழல் முடியற இடத்துல கண்ணே ஒரு கறுப்பு ஓரத்தைத் தீட்டிக்குது. நான்… நான் அதைப் பார்த்தேன் மேடம். சத்தியமா பார்த்தேன்."

"பார்த்தீங்க."

"இல்லாததை."

"இப்பவும் தெரியுதா?"

"தெரியுது! இல்லேன்னு தெரிஞ்சும் தெரியுது!" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதுக்காக ஒருத்தன் கையை விட்டுக்கொடுத்திருப்பேனே."

போனில் சத்தம். "இருதயம்! செத்துட்டியாய்யா? எனக்கு விரல் மரத்துப்போச்சு!"

இருதயராஜ் சிரித்துவிட்டார். பயம் விலகினால் வருமே, அந்தச் சிரிப்பு. போனை எடுத்தார்.

"பொன்னுரங்கம்! கழுத்…"

"வைங்க," என்றார் மெகருன்னிசா.

குரல் உயரவில்லை. ஆனால் வாய் நின்றது.

*

"இன்னும் என்ன மேடம்?"

"கோட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணு வேற ஒரு இடத்துக்குப் போச்சு."

"எல்லா இடத்துக்கும்தான் போச்சு."

"எல்லா இடத்துக்கும் போச்சு. அங்க மட்டும் நின்னுச்சு. விட்டுட்டுப் போச்சு. திரும்ப வந்து நின்னுச்சு. அப்ப போன்ல அவர் கத்தினார். நீங்க அடுத்த படத்துக்குத் தாவிட்டீங்க. கோடு கிடைச்சுது. அதுக்கப்புறம் உங்க கண்ணு அங்க போகவே இல்ல."

"அங்க என்ன இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கொஞ்சமாவது சொல்லுங்க மேடம். பாதி சொல்லுங்க. எலும்பா, எலும்பு இல்லையா?"

"தெரியாது."

"வலதா இடதா, அதையாவது சொல்லுங்க!"

"அது மட்டும்தான் தெரியும்," என்றார் மெகருன்னிசா. "எனக்கு இடது கைப்பக்கம். உங்களுக்கு வலது. கீழ. நடுவுல இருக்கற படம்."

இருதயராஜ் பார்த்தார். நடுப்படத்தின் வலது கீழ் மூலை. எதிரே நிற்கும் ஆளைப் போல, படத்தில் வலது என்றால் ஆளுக்கு இடது.

உதட்டைப் பிதுக்கினார்.

"அது கழுத்தே இல்ல மேடம். நெஞ்சோட மேல் நுனி. கழுத்தை எடுக்கும்போது ஓரமா விழுந்திருக்கு."

"கழுத்தைத் தேடின கண்ணு அங்க ஏன் போச்சு?"

"போகும். கண்ணுதானே. கட்டியா வச்சிருக்கோம்?"

"நின்னுச்சே."

"மேடம், நெஞ்சு சுத்தம். அந்தக் கணக்கு காலையிலேயே முடிஞ்சுபோச்சு."

"யாரு பார்த்தது?"

"நான்தான்."



விளக்குப் பெட்டி ரீங்காரம் செய்தது. கதவிடுக்கில் கால்விரல்கள் அசையாமல் நின்றன.

"பொன்னுரங்கம் கேட்டது கழுத்தைத்தான்," என்றார் இருதயராஜ். "கழுத்து சரியா இருக்கு. கை போய்க்கிட்டிருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா ஆச்சு. இதுல என்ன தப்பு?"

"நான் தப்புன்னு சொன்னேனா? சொல்லுங்க. போன் உங்க கையிலதான் இருக்கு."

போனைப் பார்த்தார். "யோவ்! யோவ்!" என்றது அது.

வாயைத் திறந்தார். கழுத்து சரி. இரண்டு வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக நின்றன.

சொல்லவில்லை.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். மடித்த சீட்டைப் பிரித்தார். முழுச் சீட்டையும் நடுப்படத்தின்மேல் விரித்து வைத்தார். கழுத்தெலும்பு அத்தனையும் மறைந்தது. கேட்ட கேள்வி அத்தனையும் மறைந்தது.

மூலை மட்டும் மிச்சம்.

இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நுரையீரலுக்குள் கிளைகள் ஓடும். வேப்பங்கொழுந்து மாதிரி, மெல்லிசு மெல்லிசாக. அந்தக் கிளைகள் மேலே ஏறி வந்தன. வந்து, ஒரு இடத்தில் நின்றன. அங்கே மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, விலா எலும்புக்கு எதிராக வளைந்து போயிற்று.

கோட்டுக்கு அப்பால் கிளை இல்லை. வெறும் கறுப்பு.

கட்டைவிரலால் விலா எலும்பின் நிழலை மறைத்தார். கோடு போகவில்லை.

உள்ளங்கையால் மறைத்தார். போகவில்லை.

"மேடம். இந்தக் கோடு போகமாட்டேங்குது."

மெகருன்னிசா எழுந்து நின்றுவிட்டார்.

நுரையீரல் ஓட்டை. காற்று வெளியே கசிந்து அதை நசுக்கிக்கொண்டிருக்கிறது. மயக்கம் கொடுத்தால் மூச்சை மெஷின் தள்ளும். தள்ளுகிற ஒவ்வொரு மூச்சும் ஓட்டை வழியாக வெளியேறி, நுரையீரலை நசுக்கி, இதயத்தை நசுக்கி…

கை பிழைத்திருக்கும். கைக்குச் சொந்தக்காரன் மேசையிலேயே போயிருப்பான்.

"பொன்னுரங்கம்! மயக்கம் கொடுக்காதே!"

"என்னய்யா, முறிஞ்சிருக்கா?"

"கழுத்து சரியா இருக்கு. இடது நெஞ்சுல காத்து. நுரையீரல் சுருங்கிக்கிட்டிருக்கு. முதல்ல நெஞ்சுல குழாய் போடு. காத்து வரட்டும். அப்புறம் மயக்கம்."

பொன்னுரங்கத்தின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"நெஞ்சு சுத்தம்னு சொன்னியேய்யா."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப இதைச் சொல்றேன். போடுய்யா குழாயை!"

போன் அங்கே எதிலோ மோதி விழுந்தது. யாரோ யாரையோ கத்திக் கூப்பிட்டார்கள். ஓடும் சத்தம்.

இருதயராஜ் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. மெகருன்னிசா விளக்குக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். கதவு திறந்திருந்தது. பேச்சி உள்ளே வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"என்னய்யா சொல்றாக?" என்றாள். "கைக்கு எதுக்கு நெஞ்சுல குழாய்?"



நெடுநேரம் கழித்துப் போனில் நர்ஸின் குரல் வந்தது.

"சார், இருக்கீங்களா? குழாய் வச்சாச்சு. புஸ்ஸுன்னு காத்து வந்துது. டாக்டர் மயக்கம் கொடுக்கச் சொல்லிட்டாரு."

இருதயராஜ் போனை மாட்டினார். மாட்டத் தெரியாதவர் மாதிரி, இரண்டு தடவை தவறவிட்டு.

*

சாயங்காலம் பேச்சி வந்தாள். கையில் ஒரு பலாச்சுளைப் பொட்டலம். கவிழ்ந்த வண்டியில் மிஞ்சியது.

"விரலை ஆட்டுறாரு," என்றாள். "சுட்டு விரலும் பெருவிரலும். நர்ஸம்மாவை வைஞ்சாரு. வைஞ்சாருன்னா பிழைச்சுக்கிட்டாருன்னு அர்த்தம்."

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தவில்லை. தாழ்வாரத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது.

மெகருன்னிசா ஒரு சுளையை எடுத்தார். பாவை சுருங்கி, கண் பழையபடி ஆகியிருந்தது.

இருதயராஜ் சுளையைத் தொடவில்லை. அலமாரியைக் குடைந்து ஒரு உறையை எடுத்து வந்தார். உறையை மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்ன அது?"

"ஒச்சப்பனோட நெஞ்சுப் படம். காலையில எடுத்தது. நான் சுத்தம்னு சொன்னது."

"சரி."

"காலையிலேயும் அது இருந்துச்சா மேடம்? இல்ல, அப்ப இல்லாம மதியத்துக்குள்ள வந்துச்சா?"

"தெரிஞ்சு?"

"எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா நாளைக்கு நான் இந்த விளக்கு முன்னாடி நிக்க முடியாது. அப்ப இல்லேன்னா நான் பார்த்தது சரி. இருந்துச்சுன்னா…" நிறுத்தினார். "இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லுங்க. திட்டுங்க. வெளிய போன்னு சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

"நீங்க பார்க்கலையா?"

"உறையைப் பிரிக்கவே இல்ல. என் கண்ணை நான் நம்பமாட்டேன். மதியம் இல்லாத கோட்டைக் காட்டுச்சே. நீங்க பாருங்க. உங்க கண்ணு இப்ப தெளிஞ்சாச்சு."

"தெளிஞ்சாச்சு," என்றார் மெகருன்னிசா. "ஆனா நடந்ததும் தெரிஞ்சுபோச்சே, சார். இனிமே சீட்டைக் கவிழ்க்க முடியாது."

"அதனால என்ன? படம் படம்தானே?"

மெகருன்னிசா சுளைக்கொட்டையைக் காகிதத்தில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்தார். விளக்குப் பெட்டிக்கு முதுகைக் காட்டி, இருதயராஜைப் பார்த்து உட்கார்ந்தார்.

"மாட்டுங்க."

இருதயராஜ் உறையைப் பிரித்தார். படத்தை உருவினார். பெட்டியின் இடுக்கில் செருகினார். தாழ்வாரத்து வெளிச்சத்தில் அது வெறும் கறுப்புத் தகடாகத் தொங்கியது.

சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினார்.

"நின்னுடுச்சு," என்றார் மெகருன்னிசா.

"எது?"

"உங்க கண்ணு. வலது பக்கம். மேல."

இருதயராஜ் இன்னும் விளக்கைப் போடவில்லை.